சாதனம் சொல்லும் எண்: டிரைவர் தேடப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

பட்டர்வொர்த்தில் கணினி பழுதுபார்க்கும் மேசையில் நான் உட்காரத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. எஸ்பிஎம் முடித்துவிட்டு வேலை பழக வரும் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் மாதத்தில் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். வாடிக்கையாளர் கொண்டுவந்த வைஃபை அடாப்டரோ பிரிண்டரோ வேலை செய்யவில்லை என்றால், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரை அப்படியே இணையத்தில் தேடி, முதலில் வரும் டிரைவரை, அதாவது அந்தச் சாதனத்தை இயக்கும் மென்பொருளை, இறக்கிப் போட்டுப் பார்க்கிறார்கள். அது பொருந்தாவிட்டால் அடுத்தது, அதுவும் சரிவராவிட்டால் அதற்கடுத்தது என்று ஒரு காலைப்பொழுது கழிந்துவிடுகிறது.

இயங்குதளம் பெட்டியைப் படிப்பதில்லை. அது சாதனத்திடமே நேராகக் கேட்கிறது. சாதனம் ஓர் எண்ணைச் சொல்கிறது. அந்த எண் எந்த டிரைவரின் பட்டியலில் இருக்கிறதோ, அந்த டிரைவரை அந்தச் சாதனத்தோடு சேர்த்து வைக்கிறது. நாமும் அதே வழியில் போனால் பாதி நாள் வேலை பத்து நிமிடத்தில் முடியும். நூல்களில் ‘இயக்கி’ என்று எழுதுவதைத்தான் கடையில் எல்லாரும் ‘டிரைவர்’ என்கிறார்கள் என்பதால், இந்தக் கட்டுரையிலும் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

எண் என்றால் என்ன

நம் அடையாள அட்டையான மைகார்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 12 இலக்கங்கள் இருக்கின்றன. முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பினாங்கில் பிறந்தவர்களுக்கு அது பெரும்பாலும் 07. சரவணன் என்ற பெயரில் ஒரே தாமானில் நான்கு பேர் இருக்கலாம்; ஆனால் வங்கியிலும் மருத்துவமனையிலும் கேட்பது பெயரை மட்டுமல்ல, அந்த எண்ணையும்தான். கணினிச் சாதனத்தின் எண்ணுக்கும் இப்படிப் பகுதிகள் உண்டு. முதல் பகுதி தயாரிப்பாளரைக் குறிக்கும் வெண்டர் ஐடி. இரண்டாம் பகுதி அந்தத் தயாரிப்பாளரின் எந்த மாடல் என்பதைக் குறிக்கும் எண். கணினிக்குள்ளே தாய்ப்பலகையோடு இணையும் பிசிஐ சாதனங்களில் இதை டெவைஸ் ஐடி என்றும், யூஎஸ்பி சாதனங்களில் புரோடக்ட் ஐடி என்றும் சொல்கிறார்கள். ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்க வேண்டாம்: மைகார்டு எண் ஒருவருக்கே உரியது, சாதனத்தின் எண்ணோ ஒரு மாடலுக்கு உரியது. ஒரே மாடலில் ஆயிரம் துண்டுகள் விற்றாலும் ஆயிரமும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். தனித்தனித் துண்டைப் பிரித்துக் காட்டும் வரிசை எண் வேறு. டிரைவரைத் தேர்ந்தெடுப்பதில் அதற்குப் பங்கில்லை.

ஒவ்வொரு பகுதியும் நான்கு இலக்கங்களில் எழுதப்படும், பதினாறை அடியாகக் கொண்ட எண் என்பதால், 0 முதல் 9 வரையிலான இலக்கங்களோடு ஏ முதல் எஃப் வரையிலான ஆறு ஆங்கில எழுத்துகளும் அதில் வரலாம். எழுத்து இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், அதுவும் இலக்கம்தான். பிசிஐ தயாரிப்பாளர் எண்களைப் பிசிஐ சிக் என்ற அமைப்பும், யூஎஸ்பி எண்களை யூஎஸ்பி இம்ப்ளிமெண்டர்ஸ் ஃபோரமும் வழங்குகின்றன. எனவே ஒரு தயாரிப்பாளரின் எண் இன்னொருவருக்கு முறையாகப் போவதில்லை.

இன்டெல் நிறுவனத்தின் பிசிஐ எண் 8086. 1978-இல் வெளிவந்த அதன் புகழ்பெற்ற பிராசஸரின் பெயரே அது. அமெரிக்காவுக்கு வெளியே அந்த நிறுவனம் தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் திறந்தது பினாங்கில்தான்; நம் வீடுகளில் அத்தையோ மாமாவோ யாராவது ஒருவர் பாயான் லெப்பாஸுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போய் வந்திருப்பார்கள். ஒரு மடிக்கணினியைத் திறந்து 8086 என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொழிற்சாலைப் பேருந்துகள் நினைவுக்கு வரும். ஏஎம்டியின் எண் 1022. அதன் கிராஃபிக்ஸ் சில்லுகள் 1002 என்று சொல்லும், அது முன்பு ஏடிஐ என்ற நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட எண். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டால், மேசைக்கு வரும் கணினிகளில் பெரும்பகுதியைப் பார்த்தவுடனே அடையாளம் காணலாம்.

இயங்குதளம் எப்படிக் கேட்கிறது

தாய்ப்பலகையில் பொருத்திய அட்டைகளும், உள்ளே பற்றவைத்த பல சில்லுகளும் பிசிஐ தடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு பிசிஐ சாதனத்துக்கும் 256 பைட் அளவுள்ள ஒரு விவரப் பகுதி உண்டு. இன்றைய பிசிஐ எக்ஸ்பிரஸில் அது 4096 பைட்டாக விரிந்திருக்கிறது. அதன் முதல் இரண்டு பைட்டில் தயாரிப்பாளர் எண், அடுத்த இரண்டில் மாடல் எண். கணினி இயங்கத் தொடங்கும்போது இயங்குதளம் ஒவ்வோர் இடமாகப் போய், அந்த முதல் இரண்டு பைட்டைப் படிக்கிறது. எல்லா பிட்டும் ஒன்றாகத் திரும்பி வந்தால் அந்த இடத்தில் யாரும் இல்லை என்று பொருள். வேறு எண் வந்தால் சாதனம் இருக்கிறது. மழைக்காலத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கணக்கெடுப்பவரைப் போல, தட்டிப் பார்த்தே அறிகிறது.

அதே விவரப் பகுதியில் சப்சிஸ்டம் எண் என்று இன்னொரு சோடி இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒலிச் சில்லைச் செய்தவர் ஒருவர். அதை வாங்கித் தம் மடிக்கணினியில் பொருத்தியவர் வேறொருவர். சப்சிஸ்டம் எண் அந்த இரண்டாமவரைச் சொல்கிறது. ஒரே சில்லு இருந்தும் ஒரு மடிக்கணினியின் டிரைவரை மற்றொன்றில் போட்டால் ஒலி வருகிறது, ஆனால் இயர்போன் துளை வேலை செய்யவில்லை என்பது போன்ற குறைகளுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

யூஎஸ்பியில் கதை இன்னும் விரிவானது. மேசைக்கு வரும் சிக்கல்களில் அதிகம் இதில்தான் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். பழைய யூஎஸ்பி 2 வரையிலான சாதனத்தைச் செருகியவுடன், அதனுள் இருக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை இரண்டு தரவுக் கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. எந்தக் கம்பி உயர்ந்தது என்பதைப் பார்த்தே அது மெதுவான சாதனமா, அதைவிட வேகமானதா என்று போர்ட் தெரிந்துகொள்ளும். பிறகு கணினி அந்தப் போர்ட்டை ரீசெட் செய்கிறது. அந்த நேரத்தில் சாதனத்துக்குச் சொந்த முகவரி இல்லை. 0 என்ற பொது முகவரியில் நின்றுகொண்டு பதில் சொல்கிறது. கணினி அதற்கு 1 முதல் 127 வரை ஏதாவதொரு முகவரியைக் கொடுத்து, 18 பைட் நீளமுள்ள விவரக்குறிப்பைக் கேட்டு வாங்குகிறது. தயாரிப்பாளர் எண், மாடல் எண், பதிப்பு எண் எல்லாம் அந்த 18 பைட்டுக்குள் இருக்கின்றன. அதன் பிறகே டிரைவர் தேடும் வேலை தொடங்குகிறது. செருகியதும் ஒலிக்கும் அந்தச் சின்ன மணியோசைக்குப் பின்னால் இத்தனையும் நடந்து முடிகின்றன.

எண்ணோடு கூட, ‘நான் எந்த வகை’ என்பதையும் சாதனம் சொல்கிறது. விசைப்பலகையும் மவுசும் 03 என்ற வகை, பிரிண்டர் 07, பெண்டிரைவ் 08. கொம்தார் பக்கத்துக் கடைகளில் வாங்கும் பெயர் தெரியாத பெண்டிரைவ் எந்த டிரைவரும் கேட்காமல் வேலை செய்வதற்கு இந்த வகை எண்ணே காரணம்: அந்த மாடலை இயங்குதளம் கேள்விப்பட்டதே இல்லை என்றாலும், 08 வகைக்கு உரிய பொது டிரைவர் அதனிடம் ஏற்கெனவே இருக்கிறது. பிரிண்டரில்தான் புதியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். 07 வகைக்கான பொது டிரைவர் கணினிக்கும் பிரிண்டருக்கும் இடையே தரவைக் கடத்தும். பக்கத்தை எந்த மொழியில் அனுப்ப வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. எனவே பட்டியலில் பிரிண்டர் தெரியும், ஒரு தாள்கூட வெளியே வராது. அங்கே மாடலுக்கு உரிய தனி டிரைவர் வேண்டும்.

தாமாகப் பேசாத சாதனங்களும் உண்டு. புதிய மடிக்கணினிகளின் டச்பேட் பெரும்பாலும் ஐ2சி என்ற தடத்தில் இணைக்கப்படுகிறது. அந்தத் தடத்தில் ‘யார் அங்கே’ என்று கேட்டால் பெயர் சொல்லும் ஏற்பாடு கிடையாது. அதனால் தாய்ப்பலகையைச் செய்தவரே ஏசிபிஐ என்னும் அட்டவணையில், இந்த இடத்தில் இந்தச் சாதனம் இருக்கிறது என்று எழுதிவைக்கிறார். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில் டிவைஸ் ட்ரீ என்ற கோப்பு அதே வேலையைச் செய்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்ட மடிக்கணினியில் யூஎஸ்பி மவுஸ் ஓடுகிறது, டச்பேட் மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால், டச்பேட் டிரைவரைத் தேடுவதற்கு முன் அந்த ஐ2சி தடத்தை நடத்தும் சில்லுக்கு டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். தாய்ச் சாதனம் எழாமல் பிள்ளைச் சாதனம் எழாது. தாய்ப்பலகைச் சில்லுகளுக்கான சிப்செட் டிரைவரை எப்போதும் முதலில் போடச் சொல்வது இதனால்தான்.

விண்டோஸில் எண்ணைப் பார்ப்பது

ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது சொடுக்குச் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் குறியுள்ள சாதனத்தை இருமுறை சொடுக்கி, டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போய், அங்குள்ள கீழிறங்கு பட்டியலில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பல வரிகள் தெரியும். மேலே இருப்பது மிகக் குறிப்பானது, பதிப்பு எண்வரை சேர்ந்தது. கீழே இறங்க இறங்கப் பொதுவாகிக்கொண்டே போகும். யூஎஸ்பி சாதனமாயின் விஐடி என்ற எழுத்துகளுக்குப் பின் நான்கு இலக்கமும், பிஐடி என்ற எழுத்துகளுக்குப் பின் நான்கு இலக்கமும் இருக்கும். அந்த எட்டையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே கீழிறங்கு பட்டியலில் கம்பாட்டிபிள் ஐடிஸ் என்பதையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. வகை எண்கள் அங்கேதான் இருக்கின்றன.

மைக் சேர்ந்த வெப்கேம் போன்ற கூட்டுச் சாதனத்தில் எம்ஐ என்ற எழுத்துகளோடு 00, 02 என்று வேறோர் எண்ணும் ஒட்டியிருக்கும். ஒரே கம்பியில் வந்தாலும் படத்துக்கு ஒரு டிரைவர், ஒலிக்கு ஒரு டிரைவர் என்று தனித்தனியாகவே பொருத்தப்படுவதால் அந்தப் பிரிவு. படம் வருகிறது, குரல் வரவில்லை என்றால் எந்த எம்ஐ எண்ணில் மஞ்சள் குறி இருக்கிறது என்று பாருங்கள்.

இப்போது எண்ணையே பார்த்து முடிவெடுக்கப் பழக வேண்டும். விஐடி 0000, பிஐடி 0002 என்று வந்தால், உடனே டிரைவர் தேடுவதை நிறுத்துங்கள். அது எந்தத் தயாரிப்பாளரின் எண்ணும் அல்ல. சாதனத்திடம் விவரக்குறிப்பைக் கேட்டேன், பதில் வரவில்லை என்று விண்டோஸ் தானே எழுதிவைக்கும் எண். அதோடு 43 என்ற பிழைக் குறியும் இருக்கும். தன் எண்ணையே சொல்ல முடியாத சாதனத்துக்கு உலகில் எந்த டிரைவரும் பொருந்தாது. கம்பியை மாற்றுங்கள்; முன்பக்கப் போர்ட்டை விட்டுப் பின்பக்கப் போர்ட்டில் செருகுங்கள்; மின்சாரம் போதாத ஹப்பாக இருந்தால் அதைத் தவிர்த்து நேரே செருகுங்கள். பிறகும் அதே எண் வந்தால் சாதனத்தை இன்னொரு கணினியில் சோதியுங்கள். எண் முழுமையாக வந்து, பிழைக் குறி 28 என்றிருந்தால் மட்டுமே அது டிரைவர் இல்லாத சிக்கல். 10 என்றால் டிரைவர் பொருந்தியது, ஆனால் சாதனத்தைத் தொடக்க முடியவில்லை. 52 என்றால் டிரைவர் யாருடையது என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. இந்த நான்கு குறிகளையும் பிரித்தறியத் தெரிந்தவர் என் பார்வையில் பாதித் தொழிலைக் கற்றுவிட்டார்.

பல டிரைவர்கள் பொருந்தினால்

விண்டோஸ் டிரைவரோடு ஐஎன்எஃப் என்ற எழுத்துக் கோப்பு ஒன்று வரும். நோட்பேடில் திறந்து படிக்கலாம். நீங்கள் தாளில் எழுதிய எண் அதற்குள் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதுதான் டிரைவரை நிறுவுவதற்கு முன் செய்யக்கூடிய மிக எளிய சோதனை. எண் இல்லையென்றால் அந்த டிரைவர் உங்கள் சாதனத்துக்கு உரியதன்று.

இரண்டு மூன்று டிரைவர்கள் பொருந்தும்போது விண்டோஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு தரமதிப்பு போடுகிறது. கையொப்பம் நம்பகமானதா என்பது முதலில் பார்க்கப்படும். பிறகு எண் எவ்வளவு குறிப்பாகப் பொருந்துகிறது என்பது. ஹார்ட்வேர் ஐடியில் பொருந்தியது, கம்பாட்டிபிள் ஐடியில் மட்டும் பொருந்தியதை முந்தும். எல்லாம் சமமாக இருந்தால்தான் தேதியும், அதன் பின் பதிப்பெண்ணும் கணக்கில் வரும். ‘புதிய டிரைவரைப் போட்டேன், விண்டோஸ் பழையதையே எடுக்கிறது’ என்று சொல்பவர்களுக்கான விடை இதில் இருக்கிறது: பழையது உங்கள் மாடலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, புதியது பொதுவாகச் சொல்கிறது.

லினக்ஸில் பார்ப்பது

விண்டோஸ் பழுதா, வன்பொருள் பழுதா என்று குழப்பம் வந்தால் லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தை ஏற்றிய ஒரு பெண்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கிப் பாருங்கள், நிறுவத் தேவையில்லை. டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டினால் யூஎஸ்பி சாதனங்களும், எல்எஸ்பிசிஐ என்று தட்டினால் பிசிஐ சாதனங்களும் வரிசையாக வரும். இரண்டாவது கட்டளையோடு ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, அதன்பின் என்என்கே என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்தால், எண்களோடு எந்தச் சாதனத்தை எந்த டிரைவர் நடத்துகிறது என்பதும் தெரியும். அங்கே வைஃபை ஓடினால் அட்டை நலமாக இருக்கிறது. சிக்கல் விண்டோஸ் பக்கம்.

லினக்ஸில் பொருத்தும் முறை கண்ணுக்குத் தெரியும்படி திறந்தே கிடக்கிறது என்பதால் கற்பதற்கு அதுவே நல்ல இடம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு டிரைவர் மாட்யூலும் தான் அறிந்த எண்களின் பட்டியலைத் தன்னுள் வைத்திருக்கிறது. அவை எல்லாம் திரட்டப்பட்டு மாட்யூல்ஸ் அலியாஸ் என்ற ஒரே கோப்பில் எழுதப்படுகின்றன. புதிய சாதனம் வந்ததும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அதன் எண்ணை ஒரு வரியாக அறிவிக்கிறது. யூடெவ் என்ற சேவை அந்த வரியைக் கேட்டு, பட்டியலில் பொருந்தும் மாட்யூலை ஏற்றச் செய்கிறது. மாட்யூல் ஏறியும் வைஃபை எழவில்லை என்றால், டிஎம்இஎஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்ற வரி இருக்கிறதா பாருங்கள். டிரைவர் வேறு, சாதனத்துக்குள்ளே ஏற்றப்படும் ஃபர்ம்வேர் வேறு. சில சில்லுகளுக்கு இரண்டும் வேண்டும்.

எண் பொய் சொன்னால்

எண்ணை நம்புங்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அதைப் பொய்யாகச் சொல்லும் சாதனங்களும் சந்தையில் இருக்கின்றன. யூஎஸ்பியைச் சீரியல் போர்ட்டாக மாற்றும் கம்பிகளில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சில்லு பெயர்பெற்றது; அது 0403, 6001 என்ற எண்களைச் சொல்லும். அதைப் போலவே செய்யப்பட்ட போலிச் சில்லுகளும் அதே எண்களைச் சொல்லித் திரிந்தன. 2014 அக்டோபரில், விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அந்த நிறுவனத்தின் டிரைவர், போலிச் சில்லுகளின் மாடல் எண்ணை 0000 என்று மாற்றி எழுதிவிட்டது. நேற்றுவரை ஓடிய கம்பியை மறுநாள் எந்தக் கணினியும் அடையாளம் காணவில்லை. போலி என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் அதில் அடிபட்டார்கள். எதிர்ப்பு எழுந்தபின் நிறுவனம் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது. மலிவான கம்பி ஒன்று 0403, 0000 என்று சொல்லிக்கொண்டு உங்கள் மேசைக்கு வந்தால், அதன் பின்னணி இதுவாக இருக்கலாம்.

எண் கிடைத்தபின் டிரைவரை எங்கே எடுப்பது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மடிக்கணினியாயின் முதலில் அதைச் செய்தவரின் தளம். சப்சிஸ்டம் எண் பொருந்தும் டிரைவர் அங்கேதான் இருக்கும். அடுத்து விண்டோஸ் அப்டேட். அதற்கும் அடுத்துச் சில்லைச் செய்தவரின் தளம். எல்லா டிரைவர்களையும் தானே தேடிப் போடுகிறேன் என்று விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களை வாடிக்கையாளரின் கணினியில் ஒருபோதும் போடாதீர்கள். கெர்னலுக்குள் நுழையும் ஒரு நிரலை யாரென்று தெரியாதவர் கையிலிருந்து வாங்குகிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட ஒரு மென்பொருளால் ஒரு கல்லூரி மாணவியின் மடிக்கணினி, ஆய்வறிக்கை ஒப்படைக்கும் வாரத்தில், நீலத்திரையைத் தவிர வேறெதையும் காட்டாமல் வந்து நின்றது. அவள் கண்ணில் இருந்த பயத்தை நான் மறக்கவில்லை.

விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பிஎன்பி யூட்டில் என்ற கருவியின் எக்ஸ்போர்ட் டிரைவர் கட்டளையால், அந்தக் கணினியில் பின்னர் சேர்க்கப்பட்ட டிரைவர்கள் அனைத்தையும் ஒரு பெண்டிரைவுக்கு நகலெடுத்து வையுங்கள். புதிய விண்டோஸில் மஞ்சள் குறி தெரிந்தால், அப்டேட் டிரைவர் என்பதைச் சொடுக்கி அந்தக் கோப்புறையைக் காட்டினால் போதும். எண்ணுக்குப் பொருந்துவதை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். நகலெடுக்க மறந்து, வைஃபைக்கும் டிரைவர் இல்லாமல் போனால், உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். பெரும்பாலான கைப்பேசிகள் அப்போது ஒரு வலையமைப்பு அட்டையாகத் தம்மை அறிவித்துக்கொள்கின்றன. அந்த வகைக்கான டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால் இணையம் கிடைத்துவிடும். பிறகு தாளில் எழுதிய எட்டு இலக்கங்களை வைத்துக்கொண்டு, வைஃபை அட்டைக்கு உரிய டிரைவரை இறக்கலாம்.